பார்சல் பளு தூக்கிய கதை

பார்சலுக்கு வயது நாற்பத்தொன்று. இந்த நாற்பத்தொரு வருஷத்தில் அவன் ஒரு தண்ணீர் கேனைத் தூக்கியதில்லை, ஒரு மூட்டையைச் சுமந்ததில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுகூட இல்லை. நாற்காலி தானாக வந்து அவன் பின்னால் நிற்கும். தானாக என்றால், அக்கா கொண்டுவந்து போடுவாள். அவனைவிட ஐந்து வயது மூத்தவள். அவளும் அத்தானும் கீழே குடியிருக்க, கல்யாணம் ஆகாத பார்சல் மாடியில் ஒற்றை அறையில் இருந்தான். அவன் இருமினால் கீழே அக்காவுக்குப் புரையேறும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவன் ரத்தம். சில குடும்பங்களில் வழுக்கை பரம்பரையாக வரும், சிலவற்றில் முன்கோபம். இவர்கள் குடும்பத்தில் வந்தது ஹீமோபிலியா. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு சத்து பார்சலின் உடம்பில் ஊறுவதே இல்லை. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும் என்பதுகூடப் பெரிய தொல்லை இல்லை. முழங்கால், முழங்கை மாதிரி மூட்டுகளுக்குள்ளே சத்தம் போடாமல் கசிந்து வீங்கிக்கொள்ளும், அதுதான் தொல்லை. தாய்மாமாவுக்கும் இது இருந்தது. அந்தக் காலத்து டாக்டர் ஒருவர் அம்மாவிடம், “இது ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு வர்றது. பொம்பளைங்களுக்கு வராது. அவங்க கடத்திவிடுவாங்க, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். குடும்பம் அதைக் கல்லில் வெட்டாத குறையாக மனசில் எழுதி வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து பார்சலைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள்.

மேசை முனைகளுக்குப் பழைய துணி சுற்றியிருக்கும். கதவு நிலைகளில் தலையணை கட்டித் தொங்கும். கட்டிலின் நாலு காலுக்கும் சாக்ஸ் போட்டிருக்கும். புதிதாக வரும் விருந்தாளிகள், இந்த வீட்டில் யாருக்கோ குடிப்பழக்கம் இருக்கிறது போல என்று நினைத்து, காப்பியைக்கூடச் சீக்கிரமாகக் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

பஸ்ஸில் போவது இன்னும் மோசம். ஏறியதுமே அக்கா தொண்டையைச் செருமிக்கொள்வாள். பிறகு டிரைவர் வரைக்கும் கேட்கிற மாதிரி, “யாராவது எந்திரிங்க! தம்பிக்கு ரத்த வியாதி! இடிபட்டா உள்ள கசியும்!” என்பாள். மூன்று பேர் எழுந்துவிடுவார்கள். ஒருவர் எதற்கு வம்பு என்று இறங்கியே போய்விடுவார். ஒருமுறை கைத்தடியோடு இருந்த கிழவர் எழுந்து நின்று, “உக்காருப்பா, சின்ன வயசு, பாவம்” என்றார். பார்சல் பூமி பிளந்தால் தேவலாம் என்று உட்கார்ந்துகொள்வான். அக்கா இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே காவல் நின்றபடி வருவாள்.

அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். பீங்கான், கண்ணாடிச் சாமான்களைக் கடைகளுக்கு அனுப்புகிற கிடங்கில் பேக்கிங். வேலையில் சேர்ந்த முதல் நாளே, பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற டேப்பு என்பவன், ‘கவனம்! உடையும் பொருள்’ என்ற சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை அவன் முதுகில் ஒட்டிவிட்டான். அவனும் தெரியாமல் அதோடேயே வீட்டுக்குப் போனான். அக்காவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், “அட, நல்லா இருக்கே! ஒரு ரோல் வாங்கிட்டு வாடா” என்றாள். பார்சல் என்ற பெயர் அந்த வாரம் ஒட்டியது, அதற்கப்புறம் உரியவில்லை. அந்த ஸ்டிக்கர் ரோலும் அவன் பையில் ஒரு மூலையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு கோப்பைக்கு எத்தனை சுற்றுத் தாள், இரண்டு தட்டுகளுக்கு நடுவே எவ்வளவு தடிமன் அட்டை என்பதெல்லாம் அவன் விரலுக்கே தெரியும். பெட்டியை மூடியதும் லேசாக ஆட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பான். உள்ளே துளி சத்தம் வந்தாலும் பிரித்து மறுபடி கட்டுவான். பதினெட்டு வருஷத்தில் அவன் கட்டிய பெட்டிகளில் உடைந்தது நான்கே உருப்படி. அதில் மூன்று, மேனேஜர் பெட்டிமேல் உட்கார்ந்ததால். பெட்டியைத் தூக்குகிற வேலையை மட்டும் டேப்பு பார்த்துக்கொள்வான்.

வினை இடது முழங்காலில் வந்தது. போன வருஷம் இரண்டு தடவை வீங்கியது, இந்த வருஷம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பத்து நாள் லீவு. மூன்றாவது லீவு முடிந்து நொண்டிக்கொண்டே வந்தவனை மேனேஜர் கூப்பிட்டார்.

“பார்சல், நாள் பூரா நிக்கறதுக்கு உன் முட்டி தாங்காது. மேல ஆபீஸ்ல ஒரு சேர் போடச் சொல்றேன். லாரி வர்ற நேரத்தையும் போற நேரத்தையும் எழுதிக்கிட்டு உக்காரு.”

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பார்சல் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தான். வாழ்க்கையில் அவனுக்கு வாய்க்காத சாமான் நாற்காலி ஒன்றுதான் என்பதுபோல, இங்கேயும் ஒரு நாற்காலியா? உலகத்தில் அவனுக்கென்று இருந்தது அந்த பேக்கிங் மேசை ஒன்றுதான். அங்கே மட்டும்தான் அவன் இன்னொன்றைக் காப்பாற்றுகிற ஆள். மற்ற இடமெல்லாம் அவன்தான் சரக்கு.

“சார், மூணு மாசம் டைம் குடுங்க. முட்டியைச் சரி பண்ணிக் காட்டறேன்.”

“சரி. ஆறு மணி நேரம் நிக்கலாம்னு கிளினிக்ல எழுதி வாங்கிட்டு வா. மேசை உனக்குத்தான்.”

ரத்த வியாதிக் கிளினிக்கில் புதிதாக ஒரு பிசியோ வந்திருந்தாள். ஆள் குச்சி மாதிரி, குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். அவள் இஞ்ச் டேப்பை எடுத்து அவன் இரண்டு தொடைகளையும் அளந்தாள். இடது தொடை வலதைவிட மூன்று சென்டிமீட்டர் சிறுத்திருந்தது.

“என்னங்க இது, காலா? பென்சிலா?”

“அசையக் கூடாதுன்னு அக்கா…”

“ஃபேக்டர் ஊசி போட்டுக்கறீங்கல்ல?”

“திங்கள், புதன், வெள்ளி. காலையில நானே போட்டுக்கறேன்.” உடம்பில் இல்லாத சத்தை ஊசியில் ஏற்றிக்கொள்வதுதான் அது. அதை மட்டும் அவன் ஒழுங்காகச் செய்துவந்தான்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“கண்ணாடிச் சாமான் பேக்கிங்.”

“அப்போ இதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு கண்ணாடி டம்ளரைச் சுத்தி ஒண்ணுமே வைக்காம பெட்டிக்குள்ள போட்டுட்டு, லாரியை ஓட்டாம நிறுத்தி வச்சுக்கிட்டா போதும்னு சொல்வீங்களா?”

“ஐயோ! என்ன மேடம் பேசறீங்க? லாரின்னா ஓடாதா? ஓடினா குலுங்காதா?”

“உங்க முட்டியைச் சுத்தி இருக்கற சதைதாங்க அதுக்கு பேக்கிங். நீங்க நாப்பது வருஷமா லாரியை நிறுத்தி வச்சிருக்கீங்க. பேக்கிங் எல்லாம் கரைஞ்சு போச்சு. இப்போ மாடிப்படி ஏறினாக்கூட டம்ளர் இடிக்குது.”

பார்சலுக்கு முகம் சிவந்துவிட்டது. நோயாளி என்று யார் சொன்னாலும் அவனுக்கு உறைக்காது. மட்டமான பேக்கிங் என்று ஒருத்தி நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாளே!

பிசியோ சொன்னதை அவன் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். ஊசி போட்ட நாளில் மட்டும்தான் பயிற்சி, அதுவும் ஊசிக்கு அப்புறம். முதலில் கைகாலை ஆட்டி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். எடை கொஞ்சம், தடவை நிறைய, எல்லாம் மெதுவாக. வெடுக்கென்று தூக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது, தூக்கும்போது ஊதிவிட வேண்டும். “மூட்டுக்குள்ள சுருக்குன்னு ஏதாவது ஊர்ற மாதிரியோ, சூடாவோ இருந்தா அந்த நிமிஷமே நிறுத்தணும். ஐஸ் வச்சுக்கிட்டு எனக்கு போன் பண்ணணும். வீரமெல்லாம் வேணாம்” என்று முடித்தாள். “அரைக் கிலோவுல ஆரம்பிங்க.”

அரைக் கிலோவுக்கு அவன் எங்கே போவான்? வீட்டில் இரும்பு குண்டு எதையாவது வாங்கி வைத்தால் அக்கா அதற்கும் சாக்ஸ் மாட்டிவிடுவாள். ஆனால் கிடங்கில் ஒவ்வொரு பெட்டி மேலேயும் எடை அச்சடித்தே இருக்கிறது! உப்பு, மிளகுக் குப்பி ஜோடி அரைக் கிலோ. டீ கப் ஆறு, ஒன்றரைக் கிலோ. சூப் கிண்ண செட் இரண்டு கிலோ. அதற்கப்புறம் ஏறிக்கொண்டே போய், முப்பத்தாறு உருப்படி டின்னர் செட் பதினாலு கிலோ. உலகத்தில் வேறெந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு இருக்காது என்று பார்சலுக்குப் பட்டது.

அப்படியாக மதியச் சாப்பாட்டு இடைவேளையில், பார்சல் கைக்கு ஒரு உப்பு மிளகுக் குப்பிப் பெட்டியோடு நின்று மடக்கி நீட்டினான். கணக்கு டேப்பு சொன்னான். அவனுக்கு லாரியில் சரக்கு ஏற்றும்போது சொல்கிற கணக்குதான் வரும். “ஒண்ணு ஏத்தியாச்சு… ரெண்டு ஏத்தியாச்சு… மூணு ஏத்தியாச்சு…” பத்து ஏற்றியதும், “பில் போடலாமா?” என்பான். ஃபோம் ஷீட்டை மடித்துப் போட்ட நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்திருப்பது அடுத்தது. அதற்கப்புறம் கணுக்காலில் டீ கப் பெட்டியை மெத்தென்ற துணிப்பட்டையால் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே காலை நீட்டி இறக்குவது. மூச்சை ஊதி விடச் சொல்லியிருந்தாள் அல்லவா, அவன் ஊதியது விசில் மாதிரி வந்தது. டீ கொதித்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் கோப்பையோடு ஓடிவந்தார்கள்.

நாலாவது வாரம் அவன் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினான். ஏறி முடித்து, யாராவது பார்த்தார்களா என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தான். பிறகு, அக்கா பார்த்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து அவசரமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் பழையபடி நொண்டுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு யோசிக்காமல் விசுக்கென்று எழுந்துவிட்டான்.

“என்னடா, ஸ்பிரிங் மாதிரி எந்திரிக்கறே?” என்றாள் அக்கா.

“வாயுக்கா.”

“சுக்கு வச்சுத் தரேன், உக்காரு” என்று அவள் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவளிடம் மறைப்பது பார்சலுக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவளுடைய பயம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். ஒன்பது வயதில் அவன் பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் ஏறி, கால் வழுக்கி விழுந்தான். இந்த இடது முழங்கால்தான். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். “தம்பியைப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்” என்று அம்மா அக்காவை வெளுத்து வாங்கினாள். அன்றைக்கு அக்காவுக்குப் பதினாலு வயது. அதற்கப்புறம் அவள் அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

ஆறாவது வாரம் பார்சலுக்குத் தலைக்கனம் ஏறியது. சூப் கிண்ண செட் வரைக்கும் வந்தாயிற்று. டேப்பு வேறு கிடங்கு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். ஒரு வியாழக்கிழமை, பத்துப் பேர் சுற்றி நிற்க, மேனேஜரும் எட்டிப் பார்க்க, “டின்னர் செட்! டின்னர் செட்!” என்று கூச்சல் கிளம்பியது. வியாழக்கிழமை ஊசி போடாத நாள். அது பார்சலுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் குனிந்தான். மூச்சைப் பிடித்தான். பதினாலு கிலோவை வெடுக்கென்று தூக்கினான். பிசியோ வேண்டாம் என்று சொன்ன ஒன்றையும் அவன் பாக்கி வைக்கவில்லை.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. “முழு லோடு ஏத்தியாச்சு!” என்று டேப்பு கத்தினான். பார்சல் பெட்டியைச் சிரித்தபடியே இறக்கி வைத்தான். ஐந்து நிமிஷத்தில் அவன் வலது முழங்கைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, பின்னாலேயே ஒரு வெதுவெதுப்பு.

சிரிப்பு போய்விட்டது. ஆனால் புத்தி திரும்பி வந்தது. “டேப்பு, ஐஸ். மேனேஜர் சார், கார்” என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டான். துணியில் சுற்றிய ஐஸைக் கையில் வைத்து, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இருபது நிமிஷத்தில் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தான். ஊசி போட்டார்கள். முழங்கையில் கட்டுப் போட்டார்கள். பிசியோ தன் நாலு தெருக் குரலை எடுத்தாள்.

“ஊசி போடாத நாள்ல! மூச்சைப் பிடிச்சுக்கிட்டு! நாலு பேரு கைதட்டறாங்கன்னு! நீங்க என்ன சர்க்கஸா நடத்தறீங்க? உடனே நிறுத்திட்டு வந்தீங்களே, அதுக்காக விடறேன். கை ஆறின அப்புறம் மறுபடி உப்பு மிளகுலேர்ந்து ஆரம்பிக்கணும். தெரியுதா?”

“தெரியுது மேடம்.” அவனுக்குக் கண் கலங்கியது. முக்கால்வாசி அவமானம், கால்வாசி பயம். மூன்று மாசத்தில் பாதி போயாயிற்று, மேசை கையை விட்டுப் போகப்போகிறது என்று நினைத்தான்.

அப்போதுதான் அக்கா வந்தாள். மேனேஜர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் போன் பண்ணி எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். இரண்டு தலையணை, ஒரு போர்வை, ஒரு பிளாஸ்க், மடக்கு நாற்காலி ஒன்று, எல்லாம் அவள் கையிலும் தோளிலும் தொங்கின. கிளினிக்கில் நாற்காலி இருக்காதா என்று கேட்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

“நீதானா என் தம்பியைப் பயில்வான் ஆக்கறவ?” என்று பிசியோவின் மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். “அசையாம வச்சு நாப்பது வருஷம் காப்பாத்தினேன்! நீ ஆறே வாரத்துல…”

தட்டிய வேகத்தில் அவள் முழுக்கைச் சட்டை முழங்கை வரைக்கும் ஏறியது. பிசியோ அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். நீலமாக ஒன்று, பச்சையாக ஒன்று, மஞ்சளாக இரண்டு, கன்னிப்போன தடங்கள் மணிக்கட்டிலிருந்து வரிசையாக ஏறிப் போயின.

“இது என்னங்க?”

“எது? இதுவா? இது தண்ணி கேன். இது காய்கறிப் பை. இது இந்தச் சேர், இப்பத்தான் பஸ்ஸுல. பேச்சை மாத்தாதே.”

“எப்பவுமே இப்படியா?”

“எனக்குத் தொட்டாலே கன்னிப்போகும். உடம்பு வாகு அது.”

“பல்லு எப்பவாவது பிடுங்கினீங்களா?”

“ஒரு தடவை. அஞ்சு நாள் ரத்தம் நிக்கல. அந்த டாக்டர் ஒரு கையாலாகாத ஆளு.”

“பிரசவத்தப்போ?”

“பொண்ணு பொறந்தப்போ ரத்தம் போய் மூணு நாள் நினைவில்லாம கிடந்தேன். எல்லாருக்கும் அப்படித்தானே?”

“மாசாமாசம்?”

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். “டேய், வெளிய போய் நில்லு.”

பார்சல் வெளியே போய் நின்றான். கதவு வழியாக அக்காவின் குரல் தாழ்ந்து வெகுநேரம் கேட்டது. பிசியோவின் குரல் கேட்கவே இல்லை. அந்தப் பெண் பேசாமல் இருந்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுதான் அவனைக் கலவரப்படுத்தியது.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. உறையவைக்கிற அந்தச் சத்து ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அக்காவுக்குப் பதினெட்டு.

“கடத்தறவங்களுக்கும் குறையலாம்மா. நிறைய பேருக்குக் குறையும். யாரும் பாக்கறதில்ல, அவ்வளவுதான்” என்றாள் பிசியோ. “உங்களுக்கு இருக்கறதும் ஹீமோபிலியாதான். லேசானது. உங்க பொண்ணுக்கும் பாத்துடணும்.”

“இல்லையே, பொம்பளைங்களுக்கு வராதே. டாக்டர் சொல்லியிருக்காரே.”

“எந்த டாக்டர்?”

“அவரு செத்தே இருபது வருஷம் ஆச்சு” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, மடக்கு நாற்காலியை விரித்து அதில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

பார்சல் அவள் கையையே பார்த்தான். வெட்கமாக இருந்தது. அவன் குடித்த ஒவ்வொரு கேன் தண்ணீரும், உட்கார்ந்த ஒவ்வொரு நாற்காலியும் இவள் கையில் நீலமும் மஞ்சளுமாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டில் இருந்தது இரண்டு கண்ணாடிச் சாமான். ஒன்றை அசையாமல் வைத்துவிட்டு, இன்னொன்றைக் கூலியாள் ஆக்கியிருக்கிறார்கள். தொழில் தெரிந்த பேக்கர், ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அதைக் கவனிக்கவில்லை!

மறுநாளே அவன் கிடங்கிலிருந்து பப்பிள் ஷீட் கொண்டுவந்தான். அக்காவின் சமையலறையில் அடுப்பைத் தவிர எல்லாவற்றையும் சுற்றிவிட்டான். கரண்டிக் காம்பு, ஜன்னல் கொக்கி, அஞ்சறைப் பெட்டி, எதைத் தொட்டாலும் ‘பட் பட்’ என்று வெடித்தது. அவள் எழுந்தால் நாற்காலியோடு பின்னால் ஓடினான். கேனைத் தொட்டால் கத்தினான். அத்தான், இவர்கள் இருவருக்கும் நடுவே வாயைத் திறக்க இடமில்லாமல் இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “இனிமே கேனை நான் தூக்கறேன்” என்றார். அவர் குரல் இப்படி இருக்கும் என்பதே பார்சலுக்கு மறந்துபோயிருந்தது.

“என்னை ஏண்டா இப்படி உயிரை வாங்கறே?” என்று மூன்றாவது நாள் அக்கா சீறினாள்.

“நீ என்னை நாப்பது வருஷம் இப்படித்தானே வாங்கினே!”

இரண்டு பேரும் பிசியோவிடம் பஞ்சாயத்துக்குப் போனார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “மறுபடியும் லாரியை நிறுத்தறீங்களா? உங்க கைக்குத்தான் ஓய்வு குடுக்கச் சொன்னேன், மூளைக்கு இல்ல. அவங்களும் எக்சர்சைஸ் பண்ணட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுங்க. கனமானதைத் தோள்ல தொங்கவிடறதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க.”

இப்படியாக வீட்டுக் கூடத்தில் இரண்டு உப்பு மிளகுக் குப்பி ஜோடிகள் வந்து சேர்ந்தன. அக்கா முதல் நாள் முனகினாள். இரண்டாம் நாள் தம்பியைவிட இரண்டு தடவை கூடத் தூக்கினாள். “மெதுவாக்கா, இது போட்டி இல்ல” என்று அவன் சொன்னால், “தோத்தவன் பேசற பேச்சு” என்பாள். கணக்குக்கு டேப்பு இல்லாத குறையை அத்தான் தீர்த்துவைத்தார். அவர் எண்ணை மனசுக்குள் எண்ணி, பத்து வந்ததும் தலையை ஆட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, பார்சல் ஊசி போட்டுக்கொண்ட பிறகு, இருவரும் சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்கள். முப்பது எண்ண வேண்டும்.

“அக்கா,” என்றான் பார்சல், “நான் அந்தச் சுவர்லேர்ந்து விழுந்தேனே, அன்னிக்கு என்னால நீ நிறைய அடி வாங்கினே.”

“பதினாலு. பதினஞ்சு. நானும்தான் விழுந்தேன்.”

“எங்க விழுந்தே?”

“அதே சுவர்தான். உன்னைப் பிடிக்க ஏறினேன்ல. பதினெட்டு. இடுப்புல ஒரு மாசம் கத்திரிக்கா நிறத்துல இருந்துச்சு. ஒருக்களிச்சுப் படுக்க முடியல.”

“ஏங்கா யார்கிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா?” என்றாள் அக்கா. “இருபத்திரண்டு. காலை ஊனாதே, தோத்துடுவே.”

பார்சல் காலை ஊன்றிவிட்டான். அவள் முப்பது வரைக்கும் நின்று ஜெயித்தாள்.

மூன்று மாசம் முடிந்த நாளில் பிசியோ மறுபடி இஞ்ச் டேப்பை எடுத்தாள். இடது தொடை இரண்டு சென்டிமீட்டர் ஏறியிருந்தது. உட்காரச் சொன்னாள், எழச் சொன்னாள், படியில் ஏற்றி இறக்கினாள். காகிதத்தை இழுத்து எழுதினாள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நிற்கலாம், மணிக்கு ஒருமுறை பத்து நிமிஷம் உட்கார வேண்டும், ஒரு கிலோவிலிருந்து நாலு கிலோ வரை தூக்கலாம். கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டாள். ‘டின்னர் செட் கூடவே கூடாது.’

பார்சல் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். மேசை இனி அவனுடையது. அக்கா, “நாளைக்கு மேனேஜர் என்ன சொல்றான்னு நானும் வந்து பாக்கறேன்” என்று பேசிக்கொண்டே வந்தாள். கையில் வழக்கம்போல் இரண்டு பை. கேட்டால் கொடுக்கமாட்டாள். பார்சல் தன் பையின் மூலையைத் துழாவினான். பிறகு, அன்பு பொங்கியவன் மாதிரி அவள் முதுகில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மா.”

பஸ்ஸில் நெருக்கியடித்துக் கூட்டம். அக்கா ஏறி, உள்ளே திரும்பி, பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினாள். “யாராவது எந்திரிங்க! தம்பிக்கு…” என்று அவள் ஆரம்பித்தபோதே, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவள் முதுகில் சிவப்பாக ஒட்டியிருந்ததைப் படித்தாள், ஒரு நொடி யோசித்தாள், சட்டென்று எழுந்துவிட்டாள்.

“நீங்க உக்காருங்கம்மா.”

“எனக்கில்லம்மா. இவனுக்கு.”

“இல்லம்மா, நீங்க உக்காருங்க. பாத்து, மெதுவா.” பக்கத்தில் நின்ற இன்னொருவரும் வழிவிட்டு, “இடிக்காதீங்கப்பா, அந்தம்மாவை இடிக்காதீங்க” என்றார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். “உக்காரு, நான் நிக்கறேன்” என்றான் அவன். இரண்டு பைகளையும் அவள் கையிலிருந்து வாங்கினான். கையில் எடுத்ததுமே கணக்குப் போட்டுவிட்டான். சூப் கிண்ண செட் ஒன்று, டீ கப் ஒன்று, மூன்றரைக் கிலோ, தாராளமாகத் தூக்கலாம். அக்கா உட்கார்ந்தாள். எப்படி உட்காருவது என்று தெரியாதவள் மாதிரி நுனியில் உட்கார்ந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தாள்.

வீட்டுக்கு நாற்பது நிமிஷப் பாதை. பஸ் குலுங்கியது, வளைந்தது, பிரேக் போட்டது. பார்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டியை ஆட்டிவிட்டுக் காது கொடுக்கிற மாதிரி, தன் முழங்காலைக் கவனித்துக்கொண்டே வந்தான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பாதி வழியில் அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“உலகத்துல நல்லவங்க இருக்காங்கடா. நான் வாயைத் திறந்து கேக்கவே இல்ல, பாத்தியா? அவங்களா எந்திரிச்சுக் குடுத்தாங்க.”

“ஆமாக்கா” என்றான் பார்சல். “நல்லா சாஞ்சு உக்காரு.”